அடைப்பு நீங்கியது, காவல் நீங்கலாமா?

வயல் செய்யும் எங்கள் மக்களுக்கு ஒரு விடயத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வாய்க்காலில் ஒரு மரக்குற்றி சிக்கி, அதில் சருகும் சேறும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் கீழே இறங்காது. மேல் வயலுக்குள் ஏறி நிற்கும். குற்றியை இழுத்து எறிந்தால் வெள்ளம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஆனால் பத்து நாளாக வெள்ளத்துக்குள் நின்று அழுகிய பயிர் திரும்பி வராது. மிஞ்சிய பயிரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தால்தான் அந்தப் போகத்தில் ஏதாவது வீடு வந்து சேரும்.

சிறு பிள்ளைகளின் சலப்பாதையில் ஏற்படும் அடைப்பும் இப்படிப்பட்டதே. சத்திரசிகிச்சை செய்து அடைப்பை நீக்கிவிடுகிறார்கள். பிள்ளைக்குச் சலம் நன்றாகப் போகிறது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். "கடவுளே, ஆபத்து நீங்கியது" என்று பெற்றோர் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் அடைப்பு இருந்த காலத்தில் சிறுநீரகத்துக்கு எவ்வளவு சேதம் வந்தது, மிஞ்சிய பகுதி பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் தாக்குப்பிடிக்குமா என்ற கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகும் பிள்ளைக்கும் போகாத பிள்ளைக்கும் இடையிலான வித்தியாசம் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை. ஆகவே இதை இப்போதே பேசுவோம்.

எங்கே அடைக்கிறது?

சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை வடிகட்டிக் கழிவைச் சலமாக வெளியேற்றுகின்றன. அந்தச் சலம் இரண்டு மெல்லிய குழாய்களின் வழியாகச் சலப்பைக்கு இறங்கி, அங்கிருந்து வெளியே போகிறது. இந்தப் பாதையில் எங்கும் தடை வரலாம்.

ஆண் குழந்தைகளில் மிகவும் கடுமையானது, சலப்பைக்குக் கீழே சல வழியில் வால்வு போன்ற மெல்லிய சவ்வு பிறவியிலேயே அமைந்திருப்பது. ஏறக்குறைய 5000 முதல் 8000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது காணப்படுகிறது. 1919ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த ஹியூ ஹம்ப்டன் யங் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதனை வகைப்படுத்தி விளக்கினார். சவ்வு சிறியதுதான். ஆனால் அது சலப்பைக்கு அடியிலேயே இருப்பதனால் இரண்டு சிறுநீரகங்களையும் ஒருசேரத் தாக்குகிறது.

இரண்டாவது வகை, சிறுநீரகத்தில் இருந்து குழாய் தொடங்கும் இடத்தில் ஏற்படும் ஒடுக்கம். இது ஆண், பெண் இருபாலாருக்கும் வரும். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால் மற்றச் சிறுநீரகம் சுமையைத் தாங்கிக்கொள்ளும். 1949இல் அன்டர்சன், ஹைன்ஸ் என்ற இரு பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர்கள் விவரித்த முறையே இன்றும் இதற்குச் செய்யப்படுகிறது.

மூன்றாவது கல்லடைப்பு. நான்காவது, பாதையில் தடை எதுவும் இல்லாவிட்டாலும், முள்ளந்தண்டு நரம்புகள் பாதிக்கப்பட்டதால் சலப்பை தானாகச் சுருங்கிச் சலத்தை வெளியேற்ற முடியாத நிலை. பிறவியில் முள்ளந்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளைகளுக்கும், ஷெல் வீச்சில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கும் இந்த நிலை உண்டு. அவர்களின் சிறுநீரகங்களுக்கும் இக்கட்டுரையில் சொல்லப்படும் காவல் அத்தனையும் வேண்டும்.

போனது ஏன் திரும்புவதில்லை?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இவை யாவும் தாயின் வயிற்றிலேயே, பிரசவத்துக்கு ஒரு மாதம் அளவில் முன்பாகவே உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறந்த பின்னர் புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. பிறவி அடைப்போ இந்த வடிகட்டிகள் உருவாகும் காலத்திலேயே சலத்தைத் தேக்கி, அவற்றைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. எனவே பிறந்த மறுநாளே சத்திரசிகிச்சை செய்தாலும் சில பிள்ளைகள் பாதிச் சிறுநீரகப் பலத்துடனேயே வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். இதில் பெற்றோரின் குற்றம் எதுவும் இல்லை. கர்ப்ப காலத்தில் தாய் எதைச் சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று கேட்டு அவளை நோகடிக்கும் உறவினர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மிஞ்சிய வடிகட்டிகள் சும்மா இருப்பதில்லை. நான்கு பேர் செய்த அரிவுவெட்டை இரண்டு பேர் செய்வதைப் போல அவை இரட்டிப்பாக உழைக்கின்றன. சில ஆண்டுகள் சமாளிக்கின்றன. பின்னர் அந்த உழைப்பே அவற்றைத் தேய்க்கிறது. தேயும்போது புரதம் சலத்தில் கசிகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் மேலும் சிலவற்றை அழிக்கிறது. சல வழியில் சவ்வோடு பிறந்த ஆண் பிள்ளைகளில், ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, சத்திரசிகிச்சை வெற்றியாக முடிந்திருந்தும், வளர்ந்த பருவத்துக்குள் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கும் நிலைக்கு வருகிறார்கள் என்பது பல நாடுகளின் நீண்டகால அனுபவம். மீதிப் பேர் தப்பிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த மீதியைக் கூட்டுவதற்குத்தான் காவல்.

சலம் நிறையப் போனால் நல்லதா?

எங்கள் ஊர்களில் பலர் வைத்திருக்கும் நம்பிக்கை இது: "பிள்ளைக்குச் சலம் நல்லாய்ப் போகுது, பிறகென்ன பயம்?" இங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. சிறுநீரகத்தின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது மட்டுமல்ல. கழிவைச் செறிவாக்கி, தேவையான தண்ணீரையும் உப்பையும் உடலுக்குத் திருப்பிக் கொடுப்பதும் அதன் வேலைதான். அடைப்பினால் பழுதான சிறுநீரகம் முதலில் இழப்பது இந்தத் திறனையே. அதனால் இந்தப் பிள்ளைகளின் சலம் தண்ணீரைப் போல வெளிறி, அளவுக்கு அதிகமாகப் போகும். இரவில் படுக்கை நனையும். அடிக்கடி தாகம் எடுக்கும். சலம் குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர், அது கூடுவதும் ஓர் அறிகுறி என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இதனால் ஓர் ஆபத்தும் வருகிறது. படுக்கை நனைகிறதே என்று பிள்ளைக்குத் தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. இது செய்யக் கூடாத காரியம். அந்தச் சிறுநீரகத்தினால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. குடிக்கவும் கொடுக்காவிட்டால் உடல் வற்றிப்போகும். வற்றிய உடலில் சிறுநீரகம் மேலும் பழுதாகும்.

ஓர் இலக்கத்தை வாசிக்கப் பழகுவோம்

கிளினிக்கில் இரத்தம் எடுத்து "கிரியற்றினின்" என்ற கழிவின் அளவைப் பார்ப்பார்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் இந்த அளவு குறைவாக இருக்கும். ஆனால் கிரியற்றினின் தசையில் இருந்து வருவது. பெரியவருக்குத் தசை அதிகம், பிள்ளைக்குக் குறைவு. எனவே பெரியவர்களின் அளவுகோலைப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் பயன்படுத்தும் எளிய வாய்ப்பாடு இது: பிள்ளையின் உயரத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, 0.413 ஆல் பெருக்கி, கிரியற்றினின் அளவால் பிரிக்க வேண்டும். நூறு சென்ரிமீற்றர் உயரமான ஒரு பிள்ளைக்குக் கிரியற்றினின் 0.4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். விடை 103. இது நல்ல நிலை. 90க்கு மேல் இருந்தால் போதும். அதே பிள்ளைக்குக் கிரியற்றினின் 0.8 என்றால் விடை 52. அதாவது சிறுநீரகப் பலம் ஏறக்குறையப் பாதி. பெரியவர் ஒருவரின் அறிக்கையில் 0.8 என்பது முற்றிலும் சரியான அளவு. பிள்ளையின் அறிக்கையைப் பார்த்து "0.8 தானே, நோமல்" என்று யாராவது சொன்னால் அதோடு நின்றுவிட வேண்டாம். சில ஆய்வுகூடங்கள் மைக்குரோமோல் என்ற அலகில் எழுதித் தரும். அதை 88 ஆல் பிரித்தால் மில்லிகிராம் கணக்கு வரும்.

பிறவி அடைப்பு நீக்கப்பட்ட பின் வரும் முதலாவது ஆண்டில் கிரியற்றினின் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது முக்கியமான முன்னறிவிப்பு. அது 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்க மறுத்தால் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம் அதிகம். நன்றாக இறங்கிவிட்டால் நம்பிக்கை கூடுகிறது. ஆனால் அபாயம் முற்றாக நீங்கிவிட்டது என்று பொருளல்ல.

2009இல் பிறந்த பிள்ளைகள்

சிறுநீரகம் சோதனைக்குள்ளாகும் இரண்டாவது காலம் பருவ வயது. பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடையில் உடல் மளமளவென்று வளர்கிறது. எடை இரட்டிப்பாகிறது. வடிகட்டிகளின் தொகையோ அப்படியே இருக்கிறது. சின்ன வயதில் போதுமாக இருந்த பலம் இப்போது போதாமல் போகிறது. பல பிள்ளைகளுக்குச் சரிவு தொடங்குவது இந்த வயதில்தான். வெளியில் நோ இல்லை, காய்ச்சல் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, விளையாடுகிறது. களைப்பும் வெளிறலும் தெரியத் தொடங்கும்போது பெரும் பகுதி போய்விட்டிருக்கும்.

இது வன்னி மக்களுக்கு ஒரு தனிக் கவலையைத் தருகிறது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வு, 1996இல் கிளிநொச்சி, 1997இல் வவுனியா வடக்கு, பின்னர் 2008 – 2009 என்று ஊர் ஊராக ஓடிய குடும்பங்கள் இவை. ஏ-9 வீதி 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டபோது, யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கிளினிக் வைத்திருந்த பிள்ளைகளின் கிளினிக்கும் அறுந்துபோனது. 2009 மே மாதத்தில் கடல்நீரேரியைக் கடந்து வந்தவர்களின் கையில் உடுத்த உடுப்பைத் தவிர வேறென்ன இருந்தது? நோய் விபர அட்டையும் ஸ்கான் படமும் பதுங்குகுழிகளோடு போயின. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை அங்கே பிறந்து, அங்கே முதல் வைத்தியம் பெற்ற பிள்ளைகள் உண்டு. மீளக் குடியேறிய பின்னர் வீடு, கிணறு, காணிப் பத்திரம் என்று அலைந்த பெற்றோருக்கு, சுகமாகிவிட்டதாக நினைத்த பிள்ளையின் பழைய வருத்தம் நினைவுக்கு வராதது இயல்பே.

அந்த 2009ஆம் ஆண்டுப் பிள்ளைகள் இன்று பதினைந்து வயதைத் தாண்டியவர்கள். மேலே சொன்ன ஆபத்தான வயதில் நிற்பவர்கள். 1990களில் சிகிச்சை பெற்றவர்கள் இன்று குடும்பக்காரர். ஆகவே இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை வீட்டில் கேட்க வேண்டும்: "எங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் சலப்பாதையில் சத்திரசிகிச்சை நடந்ததா?" நடந்திருந்தால், எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும், மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் இரத்த அழுத்தம், கிரியற்றினின், சலத்தில் புரதம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அட்டை இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். எந்த வைத்தியசாலை, எந்த ஆண்டு, என்ன வயதில் என்ற மூன்று தகவல்களும் வயிற்றில் உள்ள தழும்பும் வைத்தியருக்கு வழிகாட்டும். தழும்பே இல்லாமல் சல வழியாகக் கருவியைச் செலுத்தியும் சவ்வை நீக்குவார்கள் என்பதால் தாயின் ஞாபகம் இங்கே பெரிய ஆவணம். சின்ன வயதில் இத்தகைய சிகிச்சை பெற்ற பெண்கள், கர்ப்பம் தரித்தவுடன் அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிட வேண்டும்.

காவல் செய்யும் வழி

இரத்த அழுத்தம்: மருந்தினால் சிறுநீரகத்தைக் காக்க முடியும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஐரோப்பிய நாடுகளில் சிறுநீரகப் பலம் குறைந்த 385 பிள்ளைகளை ஐந்து ஆண்டுகள் பார்த்து, 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எல்லோருக்கும் ராமிபிறில் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு அழுத்தத்தைச் சாதாரண எல்லைக்குள் வைத்தார்கள். மற்றவர்களுக்கு அதைவிடக் கண்டிப்பாகக் குறைத்து வைத்தார்கள். முதல் பகுதியில் 100க்கு 42 பேர் சிறுநீரகப் பலத்தில் பாதியை இழந்தார்கள் அல்லது முற்றாகச் செயலிழந்தார்கள். கண்டிப்பாகக் குறைத்த பகுதியில் அது 100க்கு 30. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பெரியவருக்குப் பிழையில்லாத 120/80 என்ற அழுத்தம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காய்ச்சல்: சல அடைப்பு இருந்த பிள்ளைக்குத் தடிமன் இருமல் இல்லாமல் காய்ச்சல் வந்தால், மருந்து தொடங்கும் முன்னர் சலத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சலத்தில் கிருமி தொற்றும் ஒவ்வொரு முறையும் சிறுநீரகத்தில் ஒரு வடு விழலாம்.

சலப்பை: அடைப்போடு போராடிய சலப்பை தடித்து இறுகிப்போயிருக்கும். முழுவதும் வெறுமையாகாது. தேங்கிய சலம் மீண்டும் மேலே அழுத்தும். ஆகவே இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலம் கழிக்க வேண்டும். கழித்துச் சிறிது நேரத்தில் மறுபடியும் முயல வேண்டும். மலச்சிக்கல் சலப்பையை நெருக்கும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு மெல்லிய குழாயை நாளுக்குப் பல தடவை தாமே செலுத்திச் சலத்தை எடுக்கப் பழக்குவார்கள். 1972இல் அமெரிக்க வைத்தியர் ஜாக் லபிடெஸ் அறிமுகப்படுத்திய இந்த முறைக்குச் சவர்க்காரத்தால் கழுவிய சுத்தமான கையே போதும். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

வயிற்றோட்டமும் வாந்தியும்: மற்றப் பிள்ளைகள் இரண்டு நாள் தாங்குவார்கள், இந்தப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

மருந்தும் கசாயமும்: காய்ச்சலுக்கு எடைக்கு ஏற்ற பனடோல் போதும். இபுபுறூபன், டைக்குளோபெனாக் போன்ற நோ மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. நெருஞ்சிமுள் கசாயமும் வாழைத்தண்டுச் சாறும் எங்கள் முன்னோரின் கைமருந்துகள்; ஆனால் பிறவிச் சவ்வை அவை கரைக்கமாட்டா. காமரங்காய், பிலிம்பிக்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் இலங்கையிலேயே உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அவை கூடவே கூடாது.

உணவு: பத்தியம் என்று முட்டை, மீன், பருப்பை நிறுத்திப் பிள்ளையை மெலிய வைக்காதீர்கள். வளரும் பிள்ளைக்குப் புரதம் வேண்டும். உப்பு விடயத்தில் ஒரே விதி இல்லை. சில பிள்ளைகள் சலத்தோடு உப்பை இழக்கிறார்கள்; அவர்களுக்கு உப்புத் தேவை. அழுத்தம் உள்ளவர்களுக்குக் குறைக்க வேண்டும். வைத்தியர் சொல்வதையே செய்யுங்கள். பிள்ளையின் உயரத்தையும் எடையையும் பதிந்து வாருங்கள். வளர்ச்சிக் கோடு சாய்வது சிறுநீரகம் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

வெயிலும் வயலும்

1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே கண்டறியப்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் அது உண்டு. 2021 ஜூனில் பொலநறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே தேசிய வைத்தியசாலை ஒன்று திறக்கப்படும் அளவுக்கு அது பெரிதாகிவிட்டது. அந்த நோய் வேறு. பிள்ளைகளின் சல அடைப்பு வேறு. ஆனால் அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படும் கிணற்று நீர், கிருமிநாசினி, தண்ணீர் குடியாமல் வெயிலில் வேலை செய்தல் ஆகியவை பாதிப் பலத்துடன் வாழும் பிள்ளைக்கு இரட்டை ஆபத்து. அப்படிப்பட்ட மகனின் தோளில் மருந்தடிக்கும் தாங்கியைத் தூக்கி வைக்காதீர்கள். வயலுக்கு வந்தால் தண்ணீர்ப் போத்தலோடு வரட்டும். உச்சி வெயிலில் நிழலுக்குப் போகட்டும்.

ஊர் செய்ய வேண்டியது

மாற்கு நற்செய்தியில் திமிர்வாதக்காரர் ஒருவரை நால்வர் சுமந்து வருகிறார்கள். வாசலில் கூட்டம். அவர்கள் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து இறக்கினார்கள். கட்டிலின் நான்கு மூலைகளையும் தாயே தனியாகத் தூக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்; பஸ் காசும் அன்றைய கூலியும் இலவசமல்ல. கிளினிக் தவறுவது அதனால்தான். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் பங்குச் சபைகளும் தங்கள் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று பெற்றோரின் விருப்பத்தோடு அறிந்து, கிளினிக் நாளுக்கான பஸ் காசை ஒரு சிறு சேமிப்பில் இருந்து கொடுக்கலாம். ஒரு தாய் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ, கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கோ போக வேண்டி வந்தால் மற்றப் பிள்ளைகளை அயலவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளை பாட நேரத்தில் வெளியே போகக் கேட்டால் மறுக்காதீர்கள். மலசலகூடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். மேசையில் தண்ணீர்ப் போத்தல் வைக்க விடுங்கள். வகுப்பில் உடுப்பு நனைந்தால் மற்றவர்கள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்குக் கடைசியாக இரண்டு வார்த்தைகள். பிள்ளைகள் பிரிவின் வயதெல்லை கடந்ததும் பெரியவர்களின் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில்தான் பல இளைஞர்கள் நழுவிப் போகிறார்கள். நோய் விபர அட்டையையும் கிரியற்றினின் அறிக்கைகளையும் ஆண்டு வரிசையில் பொலித்தீன் உறைக்குள் இட்டு, காணிப் பத்திரத்தோடும் பிறப்புச் சான்றிதழோடும் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுத்து இன்னொரு உறவினருக்கு அனுப்பி வையுங்கள். ஓட வேண்டி வந்தால் எதை முதலில் தூக்குவது என்பது எங்கள் மக்களுக்குத் தெரியும். அந்த உறைக்குள் இந்தத் தாள்களும் இருக்கட்டும்.